பாட்டன் வரைதான்

1

அமீரகத்தில் ஆண்பிள்ளைக்கு இருபத்தைந்து வயது முடிந்துவிட்டால் அவன் அப்பாவின் விசாவில் இருக்க முடியாது. சொந்தமாக வேலை, சொந்தமாக விசா. இல்லையென்றால் கிளம்ப வேண்டியதுதான். ஊரில் பிள்ளையை வீட்டைவிட்டு அனுப்ப அப்பனுக்குக் கோபம் வரவேண்டும். இங்கே அதற்கு ஒரு பிறந்தநாள் போதும்.

என் மகன் ரோஷனுக்குப் போன மாதம் அந்தப் பிறந்தநாள் வந்தது. ராஸ் அல் கைமாவிலேயே பிறந்து, இங்கேயே பள்ளிக்கூடம் போய், இங்கேயே அனிமேஷன் படித்து முடித்தவன். இந்தியாவை அவன் பார்த்ததெல்லாம் என்னுடைய லீவு நாட்களில்தான். கடற்கரையில் கேக் வெட்டினோம். ஒரு சூடானி, ஒரு பாகிஸ்தானி, இரண்டு மலையாளிகள் என்று அவனுடைய நண்பர்கள் வட்டமாக நின்று ஆங்கிலத்தில் பாடினார்கள். என் மனைவி பிலோ எல்லாப் பிள்ளைகளுக்கும் கேக்கை ஊட்டிவிட்டாள். மகனுக்கு மட்டும் கையில் கொடுத்தாள். ஊட்டினால் அழுதுவிடுவோமோ என்று பயமாம்.

என் பெயர் அந்தோணி ஜோசப். ஒரு டைல்ஸ் தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். ஊர் கோலார் தங்க வயல். அங்கே தங்கச் சுரங்கத்தில் ஃபிட்டராக இருந்தேன். சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த காலத்தில், மூடுவதற்குள் கிளம்பி இங்கே வந்தேன். கொஞ்ச நாளில் உண்மையிலேயே மூடினார்கள். ஆகவே, "ஊருக்கே திரும்பிப் போயிடேன்" என்று யாராவது சொன்னால் நான் சொல்வது இதுதான். ஊர் இருக்கிறது. அதற்கு இருந்த வேலை இல்லை. மிச்சமிருக்கும் ஜனங்கள் விடியற்காலை ரயிலில் தொங்கிக்கொண்டு பெங்களூருக்குப் போய்ச் சம்பாதித்துவிட்டுத் தூங்க மட்டும் வீட்டுக்கு வருகிறார்கள்.

ரோஷனுக்கு இங்கே வேலை கிடைக்காமல் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு வேலை, ஆறு மாதத்துக்கு ஒரு வேலை. விசா அடித்துத் தருகிறேன் என்று மட்டும் எந்தக் கம்பெனியும் சொல்லவில்லை. அவனுடைய அடையாள அட்டையைப் புதுப்பிக்கப் போன, விசா விண்ணப்பங்களை அடித்துத் தரும் டைப்பிங் சென்டரில், அதை நடத்துகிற சாகுல் பாய் ஒருநாள் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அந்தோணியண்ணே, இதுதான் கடைசி. அடுத்த வாட்டி தம்பிக்கு உங்க பேர்ல அடிக்க முடியாது. அதோட காலாஸ்." கீழக்கரைக்காரர். கெட்ட செய்தியையும் அண்ணே போட்டுச் சொல்வார். அப்போது ரோஷனுக்கு இருபத்துமூன்று ஆகியிருந்தது; இங்கே விசா இரண்டு வருடத்துக்கு ஒருமுறை.

2

எங்கள் தொழிற்சாலையில் மண்தூளை அழுத்தி டைல் ஆக்குகிற பெரிய பிரஸ்கள் எல்லாம் இத்தாலியில் செய்தவை. மக்கர் செய்தால் அங்கிருந்தே ஆள் வரும். அந்த வருடம் வந்தவன் ஃபாபியோ. என்னைவிட வயதில் இளையவன். கை வேலை செய்யும், வாயும் ஓயாது.

இத்தனை வருடமாக இயந்திரத் தகடுகளைப் படித்துப் படித்து எனக்குச் சில இத்தாலிய வார்த்தைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஓலியோ என்றால் எண்ணெய். அக்குவா என்றால் தண்ணீர். பெரிக்கொலோ என்றால் கிட்டே போகாதே. ஒருநாள் மதியச் சாப்பாட்டில் இவற்றைச் சொல்லிக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தான். அந்தத் தைரியத்தில், "என் தாத்தா இத்தாலிக்காரர்தான்" என்றும் சொல்லிவிட்டேன்.

ஃபாபியோ கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தான். "யார் அவர்? எந்த ஊர்?"

எனக்குத் தெரிந்தது கொஞ்சம். தங்க வயலுக்கு அந்தக் காலத்தில் இத்தாலியிலிருந்தும் சுரங்கத் தொழிலாளிகள் வந்தார்கள். வட ஆற்காட்டிலிருந்து வந்த நம்மவர்களோடு சேர்ந்து பூமிக்கு அடியில் இறங்கினார்கள். அவர்களில் ஒருவர்தான் என் தாத்தா; சவரிமுத்து என்ற தொழிலாளியின் மகளை மாதா கோயிலில் வைத்து மணந்துகொண்டார். என் அப்பா கைக்குழந்தையாக இருக்கும்போது சுரங்கத்துக்குள் பாறை வெடித்துத் தாத்தா செத்துப்போனார். கம்பெனி குவார்ட்டர்ஸைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அவர் மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அப்பன் வீட்டுக்குப் போய்விட்டார். எங்கள் குடும்பத்தில் இத்தாலி அன்றோடு சரி. மிஞ்சியது என் அப்பாவின் பூனைக்கண்ணும், தெருவில் அவரைக் கூப்பிட்ட 'இத்தாலி ஜோசப்' என்ற பெயரும்தான்.

"அப்படியென்றால் நீ இத்தாலியன்" என்றான் ஃபாபியோ. "விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எங்கள் சட்டத்துக்கு ரத்தம்தான் கணக்கு. உன் தாத்தா இத்தாலியர், அதனால் உன் அப்பா, அதனால் நீ, அதனால் உன் மகன். எத்தனை தலைமுறை ஆனாலும் பரவாயில்லை. காகிதம் வேண்டும், அவ்வளவுதான்."

"என் மகனுக்குப் பாஸ்போர்ட் கிடைக்குமா?"

"காகிதம் இருந்தால் கிடைக்கும்."

அன்று மதியம் பிரஸ் ஓட ஆரம்பித்தது. எனக்கு அதன் சத்தமே காதில் விழவில்லை.

3

வீட்டில் சொன்னபோது பிலோ நம்பவில்லை. "நாம தங்க வயல் ஆண்டர்சன்பேட்டை ஆளுங்க. நமக்கு எங்கேர்ந்துங்க இத்தாலி?" என்றாள்.

ரோஷன் ஹெட்போனைக் கழற்றினான். "வெயிட், வெயிட். உங்க தாத்தா, எனக்கு என்ன வேணும்?"

"கொள்ளுத் தாத்தா."

"கொள்ளுன்னா மம்மி ரசம் வைப்பாங்களே, அதுதானே? ஹார்ஸ் கிராம் தாத்தாவா?"

மூவரும் சிரித்தோம். ஆனால் அவன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, மிலானில் இருக்கும் அனிமேஷன் ஸ்டுடியோக்களை வரிசையாகத் தேடிக்கொண்டிருந்ததை நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தபோது பார்த்தேன். அவன் எதற்காவது ஆசைப்பட்டு நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

அடுத்த லீவில் நானும் அவனும் தங்க வயலுக்குப் போனோம். சயனைடு மேட்டைக் காட்டினேன். சுரங்கத்திலிருந்து வந்த மண்ணைக் கொட்டிக் கொட்டி மலையாகிப்போன இடம். "டாட், இது நம்ம ஊரு குவாரி மாதிரியே இருக்கு" என்றான். நம்ம ஊர் என்று அவன் சொன்னது ராஸ் அல் கைமாவை.

கோயிலில் இருந்த சாமியார் இளைஞர். நான் விஷயத்தைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார். "இத்தாலி, போர்ச்சுகல்னு இந்த வருஷத்துல மட்டும் நிறையப் பேர் வந்துட்டாங்கண்ணே. உங்க தாத்தா பேர் இன்னா?"

"பெசோட்டான்னு சொல்வாங்க ஃபாதர்."

பழைய திருமணப் பதிவேடுகள் பீரோவில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. செல்லரித்த தாள்களை விரலால் தொடாமல் அட்டையால் தள்ளித் தள்ளிப் பார்த்தோம். எழுத்து லத்தீனில் இருந்தது. ரோஷன் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்தான். அவன்தான் கண்டுபிடித்தான். "டாட். பஸோட்டா. டபுள் டீ. இத்தாலுஸ்னு போட்டிருக்கு."

மணமகன் ஜான் பஸோட்டா, இத்தாலியர், சுரங்கத் தொழிலாளி. மணமகள் மரியம்மாள், சவரிமுத்துவின் மகள். மணமகனுக்கு அப்பா பெயர், பிறந்த ஊர்ப் பெயர். ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் ஏதோ ஒரு கிராமம். மணமகளுக்கு எதிரே கையெழுத்து இல்லை, ஒரு சிலுவைக்குறி.

நான் அந்தக் குறியையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாமியார் என் தோளைத் தொட்டு, "சர்ட்டிபிகேட் எழுதிடலாமாண்ணே?" என்றார். பஸ்ஸில் திரும்பும்போது ரோஷன் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான். இந்த அளவுக்கு வந்தாயிற்று, மீதியும் வந்துவிடும் என்று நான் உறுதியாக நம்பினேன்.

4

இத்தாலிப் பக்கம் சுலபமாக முடிந்தது. ஃபாபியோ ஊருக்குப் போன ஒரு சனிக்கிழமை, மனைவியைக் காரில் ஏற்றிக்கொண்டு அந்தக் கிராமத்துக்கே போய்விட்டான். ஊராட்சி அலுவலகத்தில் பிறப்புப் பதிவு கிடைத்தது. ஜியோவான்னி பெட்சோட்டா; நம்ம ஜான்தான் அங்கே ஜியோவான்னி. கோயில் ஞானஸ்நானப் பதிவும் பொருந்தியது. அதன் ஓரத்தில் வேறொரு மையில், 'இந்தியாவில் இறந்தார்' என்று எழுதியிருந்ததாம். கல்யாணம் பற்றி, பிள்ளை பற்றி எதுவும் இல்லை. சாவு மட்டும் எப்படியோ கடல் தாண்டிப் போய்ச் சேர்ந்திருக்கிறது. நாங்கள் போய்ச் சேரவில்லை.

சிக்கல் எங்கள் பெயர்களில் இருந்தது. இத்தாலியில் பெட்சோட்டா. கோயில் பதிவில் பஸோட்டா. என் அப்பாவின் பள்ளிச் சான்றிதழில் ஜோசப் ஜான். என் பாஸ்போர்ட்டில் அந்தோணி ஜோசப். மகன் பாஸ்போர்ட்டில் ரோஷன் அந்தோணி. ஃபாபியோ பிடித்துக்கொடுத்த இத்தாலிய வக்கீல் அம்மாள் வீடியோ அழைப்பில் வந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "மிஸ்டர் ஜோசப், உங்கள் வீட்டில் ஒவ்வொரு தலைமுறையும் ஏன் குடும்பப் பெயரை மாற்றுகிறீர்கள்?"

"மேடம், அது குடும்பப் பெயர் இல்லை. அப்பா பெயர்."

"அப்படியானால் குடும்பப் பெயர் எங்கே?"

"எங்களுக்கு அது கிடையாது."

"உங்கள் தாத்தாவுக்கு இருந்ததே!"

பிலோ பின்னாலிருந்து, "வுடுங்க, அந்தம்மாவுக்குத் தலைவலி வந்துடும்" என்றாள்.

எல்லாப் பெயர்களும் ஒரே வம்சம்தான் என்று காட்ட என் அப்பாவின் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். கோயில் சான்றிதழ் போதாது, அரசாங்கத்தின் சான்றிதழ்தான் செல்லும் என்றார் வக்கீல். தங்க வயல் பதிவில் அது இருந்தது. ஆனால் 'ஜான் பஸோட்டாவின் ஆண் குழந்தை' என்று மட்டும் இருந்தது. குழந்தைக்குப் பெயர் இல்லை. அந்தக் காலத்தில் பிறந்த உடனே பதிந்துவிடுவார்கள், பெயர் பிறகு வைத்துக்கொள்வார்கள். லீவு போட்டு ஊருக்குப் போய், பெயர் சேர்க்க வேண்டுமென்று எழுதிக்கொடுத்தேன். அலுவலகத்தில் ஒருவர் கன்னடத்தில் சொன்னதை எனக்காகத் தமிழில் திருப்பிச் சொன்னார்:

"சம்பந்தப்பட்டவர் நேர்ல வரணும் சார்."

"சம்பந்தப்பட்டவர் என் அப்பா சார். செத்துப்போயிட்டாரு."

"அப்போ கோர்ட் ஆர்டர் வேணும்."

கோர்ட்டில் மனு போட்டுவிட்டுத் திரும்பினேன். இங்கே எனக்குக் காலை ஷிஃப்ட். பிரஸ்களுக்கு நடுவில் போன் அதிர்ந்தால் ஓடி வெளியே வருவேன். தங்க வயலிலிருந்து வக்கீல் பேசுவார். "நீதிபதி மாற்றலாகிப் போயிட்டாருங்க." "இன்னிக்கு வக்கீல்கள் ஸ்டிரைக்குங்க." "அடுத்த வாய்தா குடுத்திருக்காங்க." நான் சரிங்க, சரிங்க என்பேன். வேறென்ன சொல்வது? கடலுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு யாரை அவசரப்படுத்த முடியும்? உள்ளே ஃபோர்மேன், "பாய், ஜல்தி" என்று கத்துவான். திரும்ப உள்ளே போய்விடுவேன்.

ரோஷன் அந்த மாதங்களில் இத்தாலியன் கற்றுக்கொள்ள ஆரம்பித்திருந்தான். குளியலறையில் அந்த மொழியில் தனக்குத்தானே பேசிக்கொள்வான். தமிழில் ஒரு வாக்கியத்தை இங்கிலீஷ் கலக்காமல் முடிக்கத் தெரியாத பிள்ளை, இத்தாலியனில் காபிக்கு ஆர்டர் கொடுக்கப் பழகிக்கொண்டிருந்தான். பிலோவுக்கு அதில் வருத்தம்தான். ஆனாலும் பிள்ளை சிரிக்கிறானே.

5

கோர்ட் ஆர்டர் வந்தது. அப்பாவின் பெயர், அவர் செத்துப் பல வருடம் கழித்து, அவருடைய பிறப்பில் ஏறியது. காகிதத்தை மொழிபெயர்த்து, முத்திரை வாங்கி, அடுக்கிக்கொண்டிருந்தபோது ஃபாபியோ அழைத்தான். எப்போதும் வணக்கத்துக்கு முன்னால் ஒரு ஜோக் சொல்கிறவன். அன்று சொல்லவில்லை.

"ரோமில் சட்டத்தை மாற்றிவிட்டார்கள், அந்தோணி."

"எப்படி மாற்றிவிட்டார்கள்?"

"தலைமுறைக்கு எல்லை வைத்துவிட்டார்கள். நீ எதற்கும் தூதரக அலுவலகத்தில் கேட்டுப் பார். நம்பிக்கையை விடாதே."

துபாய்க்குப் போனோம், மூவரும். ரோஷன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். கவுண்டருக்குப் பின்னால் இருந்த இத்தாலியப் பெண்மணி என் கோப்பை ஒவ்வொரு தாளாகத் திருப்பினார். நடுவில் நிமிர்ந்து, "மிக நன்றாகச் சேர்த்திருக்கிறீர்கள். இவ்வளவு சுத்தமாக யாரும் கொண்டுவருவதில்லை" என்றார். பிலோ என் கையைப் பிடித்தாள்.

அப்புறம் அவர் ஒரு வெள்ளைத் தாளில் கட்டங்கள் போட்டார். மேலே ஜியோவான்னி. கீழே ஜோசப். கீழே நான். கீழே ரோஷன். எனக்கும் ரோஷனுக்கும் நடுவில் ஒரு கோடு இழுத்தார்.

"புதிய சட்டம் பாட்டன் வரைதான். உங்களுக்கு அவர் தாத்தா. நீங்கள் விண்ணப்பிக்கலாம், மிஸ்டர் ஜோசப். உங்கள் மகனுக்கு அவர் கொள்ளுத் தாத்தா. மன்னிக்கவும்."

"எனக்கு வேண்டாம் மேடம். எனக்கு வயசாகிவிட்டது. அவனுக்குத்தான் கேட்கிறோம்."

"புரிகிறது."

"என்னுடையதை அவனுக்குக் கொடுக்க முடியாதா?"

கேட்ட பிறகுதான் அது எப்படிப்பட்ட கேள்வி என்று எனக்கே உறைத்தது. அந்தப் பெண்மணி சிரிக்கவில்லை. "முடியாது" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, கோப்பை இரண்டு கையாலும் எடுத்து என்னிடம் நீட்டினார்.

காருக்கு நடக்கும்போது ரோஷன் என் முதுகில் தட்டினான். "கங்ராட்ஸ் டாட். பென்வெனுத்தோ." நல்வரவு என்று அர்த்தமாம். ஷார்ஜா தாண்டினோம். பிறகு பிலோ, வெளியே பார்த்தபடியே கேட்டாள்: "அந்தக் கோர்ட்டு கொஞ்சம் சீக்கிரம் முடிச்சிருந்தா?"

முடித்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. யாரைக் குற்றம் சொல்வதென்றும் தெரியாது. நீதிபதி மாறிப்போனது அவருடைய தப்பா? பிறந்த குழந்தைக்குப் பெயர் வைக்க ஒரு வாரம் காத்திருந்தது தாத்தாவின் தப்பா? யாருமே தப்புச் செய்யாமல் ஒரு பிள்ளையின் வழி அடைபடுகிறது. அப்போது கையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரிவதில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஃபாபியோ ஒரு யோசனை சொன்னான். நான் இத்தாலியனாகி, அங்கே போய்க் குடியேறி, ஒரு வேலையில் அமர்ந்து, பிறகு மகனைக் கூப்பிட்டுக்கொள்ள முயற்சி செய்யலாமாம். நல்ல மனசோடு சொன்னான். வேலையிலிருந்து ஓய்வு பெறப்போகிற வயதில், இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஓலியோ, அக்குவா, பெரிக்கொலோ என்ற மூன்று வார்த்தைகளோடு நான் எந்த ஊரில் போய் நிற்பேன்? அதுவரை ரோஷன் எங்கே இருப்பான்? யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவனும் அதற்குமேல் கேட்கவில்லை.

6

ரோஷன் பெங்களூருக்குப் போய்விட்டான். ஒரு விளம்பரக் கம்பெனியில் வேலை. விமான நிலையத்தில் அழவில்லை, எங்களையும் அழவிடவில்லை. "வெக்கேஷனுக்கு வருவேன், விசிட் விசால" என்றான். பிறந்த ஊருக்கு விசிட் விசா.

வீட்டில் இப்போது மேஜையில் இரண்டு தட்டு. பிலோ சில நாள் மறந்து மூன்று வைப்பாள், எடுத்துவிடுவாள். நான் பார்க்காதமாதிரி இருப்பேன். கோப்பு அலமாரியில் இருக்கிறது. நான் விண்ணப்பிக்கவில்லை. எனக்கென்று மட்டும் ஒரு நாட்டை வாங்கிக்கொள்ள மனசு வரவில்லை. தூக்கிப் போடவும் முடியவில்லை.

போன வெள்ளிக்கிழமை அவன் அழைத்தான். அல்சூரில் மாடியில் ஒரு அறை பார்த்திருக்கிறானாம். வீட்டுக்கார அம்மா தமிழாம், எங்களோடு பேச வேண்டுமாம். அவனும் ஸ்பீக்கரில் போட்டான், நானும் போட்டேன். பிலோவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"தம்பிகிட்ட நேட்டிவ் எதுன்னு கேட்டேன் சார்" என்றது ஒரு வயதான குரல். "ராஸ்கைமாவோ என்னமோ சொல்லுது. அது எந்த ஜில்லா?"

"அது துபாய்ப் பக்கம்மா. நாங்க கோலார் தங்க வயல்."

"அட, பக்கத்துலதானே. அங்க யார் இருக்காங்க உங்களுக்கு?"

"இப்ப யாரும் இல்லம்மா."

"பெங்களூர்ல?"

"அங்கயும் யாரும் இல்லம்மா."

"போலீஸ் ஃபார்ம் ஒண்ணு இருக்கு சார், வாடகைக்கு வுட்டா குடுக்கணும். உள்ளூர்ல ஒருத்தர் பேரு போடணும். சொந்தக்காரங்களா இருக்கணுமாம். நாளைக்கு ராத்திரியில பையனுக்கு ஜுரம் கிரம் வந்தா யாரக் கூப்புடறது?"

பாட்டி வழியில், சவரிமுத்து வம்சத்தில் மிச்சம் இருப்பவர்களை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். ஒருவர் ஓசூரில் படுத்த படுக்கை. ஒருவரோடு பேச்சே இல்லாமல் போய்ப் பல வருடம். பிலோ பக்கத்தில் பெண்கள் எல்லாம் சென்னையில். பிலோ போனை என் கையிலிருந்து வாங்கினாள். "நாங்க வந்துடுவோம்மா. போன் பண்ணா போதும், உடனே வந்துடுவோம்."

அந்தப் பக்கம் ஒரு குக்கர் விசில் அடித்து அடங்கியது.

"நீங்க எங்கேர்ந்தும்மா வருவீங்க" என்றார் அந்த அம்மா. அதட்டலாக இல்லை. "சரி வுடுங்க. தம்பி, அந்த எடத்துல என் பேரப் போடு. சரோஜா. உறவுன்னு கேட்டிருக்கா? அத்தைன்னு போட்டுக்கோ."

பிலோ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பேனாவைத் தேடும் சத்தம் கேட்டது. பிறகு ரோஷனின் குரல், தாழ்வாக, அந்த அம்மாவுக்குக் கேட்காதபடி: "டாட், அத்தைன்னா உங்க பக்கமா, மம்மி பக்கமா?"

"என் பக்கம்பா" என்றேன். அவன் எழுதிக்கொண்டான்.